மண்ணெண்ணெய் தீர்ந்த இடத்தில் முடிந்த படம்

பாரிஸில் இருக்கும் என் பள்ளித் தோழன் குலம் 1994 டிசம்பர் 18ஆம் திகதியிட்டு எழுதிய கடிதம் இப்படித் தொடங்குகிறது: "நான் அனுப்பிய பிரெஞ்சுப் படத்தை செப்ரெம்பரில் அரியாலையில் காட்டினார்களாம். அதற்கு மூன்று விமர்சனங்கள் வந்தனவாம். சண்டைக்கு நடுவில், கரண்ட் இல்லாத ஊரில், ஒரு படத்துக்கு மூன்று விமர்சனம்! அவற்றைத் தேடி எடுத்து அனுப்பு. என் சஞ்சிகையில் நான்கு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்."

முதலில் ஒரு திருத்தம். செப்ரெம்பர் அல்ல. சனசமூக நிலையம் அடித்த நோட்டீஸ் இப்போது என் கையில் இருக்கிறது. 1994 ஒக்ரோபர் 16, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி. குலத்துக்குப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே மாதங்களில் அக்கறை இல்லை.

நான் வெள்ளவத்தையில் இருப்பவன். ஊருக்குப் போய் நான்கு வருடமாகிவிட்டது. அரியாலையில் என் அக்கா இருக்கிறா. அத்தானுக்குச் சுகமில்லை என்று எழுதியிருந்தா. இரண்டு காரியத்தையும் ஒன்றாகப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். வழிப் பயணத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. போய்வந்தவர்களுக்கு அது தெரியும்; போகாதவர்கள் நம்பமாட்டார்கள்.

1995 பெப்ரவரி 8, புதன்கிழமை. படலையைத் திறந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "சவர்க்காரம் கொண்டந்தனியோ?" கொண்டு போயிருந்தேன்; ஊரில் சோப்புக்கும் தட்டுப்பாடு. பாலில்லாத பிளேன்ரீயும், சீனிக்குப் பதிலாக ஒரு கடி பனங்கட்டியும் வந்தன. கொழும்பில் இரண்டு கரண்டி சீனி போட்டும் திருப்தி இல்லாதவன் நான். இங்கே பனங்கட்டித் துண்டைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு முழுக் கோப்பையையும் குடித்து முடிப்பது ஒரு வித்தை. எனக்கு அந்த வித்தை மறந்துபோயிருந்தது. மூன்றாவது மிடறிலேயே பனங்கட்டி கரைந்துவிட்டது.

அத்தான் விறாந்தைக்கு அடுத்த அறையில் படுத்திருந்தார். முகம் சுவர்ப் பக்கம். கட்டிலைச் சுற்றி எண்ணெய்ப் போத்தல்கள்.

"முதுகுப் பிடிப்பெண்டு சொல்லி வைச்சிருக்கிறன்" என்றா அக்கா, அடுப்படிக் குசினிக்குள் என்னைக் கூட்டிக்கொண்டு போய். "சனம் எண்ணெயாக் கொண்டந்து குவிக்குது."

"உண்மையிலை என்ன?"

"முதுகிலை ஒண்டுமில்லை. போன ஆடி மாசம் பள்ளிக்கூடத்தாலை வந்தார். சைக்கிளைச் சுவரிலை சாத்தினார். படுத்தார். அவ்வளவுதான். தேத்தண்ணி குடுத்தாக் குடிப்பார். கிணத்தடிக்குப் போவார். கதையில்லை."

டொக்டர் ஒருவர் சைக்கிளில் வந்து பார்த்திருக்கிறார். மருந்து இருக்கிறது, சுகப்படுத்தலாம், ஆனால் கிளினிக்குக்குக் கூட்டி வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அக்கா இரண்டு தரம் கார் பிடித்திருக்கிறா. இரண்டு தரமும் கார் படலையில் நின்றுவிட்டு வெறுமையாகத் திரும்பியிருக்கிறது. அடுத்த செவ்வாய்க்கிழமை மூன்றாவது தரம். டொக்டர் அதற்குப் பிறகு பயிற்சிக்காகக் கொழும்புக்குப் போகிறாராம். எப்போது திரும்புவாரோ தெரியாதாம்.

நான் குலத்தின் கடிதத்தைக் காட்டினேன். அக்கா அதை வாசிக்கவில்லை. "அந்தப் படமோ?" என்று கேட்டுக் கதிரையில் இருந்துவிட்டா.

"நீங்களும் பாத்தனீங்களோ?"

"போனனான். சுவரைப் பாத்துப் படுத்த மனிசன் ஒருத்தனைப் பற்றின படமெண்டு பக்கத்து வீட்டிலை சொல்லிச்சினம். பேந்து போகாமல் இருப்பனோ? தம்பி, நீ உந்த விமர்சனங்களை எடுக்கத்தானே வந்தனி. எடு. ஆனால் ஒண்டு விசாரிச்சுச் சொல்லு. அந்தாள் கடைசியிலை எழும்பினதோ? அவற்றை பெண்சாதி, அந்தப் பெட்டை, என்ன செய்து எழுப்பினவள்?"

"முடிவு பாக்கேல்லையோ?"

"ஆர் பாத்தது? மண்ணெண்ணெய் முடிஞ்சு போச்சு."

நடந்தது இதுதான். அன்றைக்கு ஜெனரேற்றருக்கு அளந்து வைத்த மண்ணெண்ணெய் படத்துக்கு மட்டும் போதுமானது. ஆனால் எங்கள் ஊரில் தலைமையுரை இல்லாமல் ஒரு பொதுக்காரியம் தொடங்காது. சனசமூக நிலையத் தலைவர் மைக்கில் பேசினார். மைக்கும் அதே ஜெனரேற்றரில்தான் ஓடியது. உலக சினிமாவின் வரலாற்றை அவர் பேசி முடிக்கும்போது படத்தின் கடைசிப் பகுதிக்கான எண்ணெய் புகையாகப் போய்விட்டிருந்தது. படுத்திருந்த மனிதனின் மனைவி கட்டில் விளிம்பில் இருக்கிறாள், எங்கேயோ மணி அடிக்கிறது, ரீவி அணைந்துவிட்டது. சனம் கதிரைகளை அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போனது.

அப்படியென்றால் மூன்று விமர்சனங்களையும் எதைப் பார்த்து எழுதினார்கள்?

9ஆம் திகதி வியாழக்கிழமை. அத்தானின் சைக்கிளை எடுத்துக்கொண்டு தலைவர் சிவபாதத்தாரைப் பார்க்கப் போனேன். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். வழியில் மூன்று இடத்தில் சங்கிலி கழன்றது. ஏழு மாதம் ஓடாத சைக்கிள் வேறு என்ன செய்யும்? மூன்றாவது தரம் சங்கிலியை மாட்டிக்கொண்டு நின்றபோது தலையில் கடகத்துடன் போன ஒரு பெண், "வாத்தியாற்றை சைக்கிளெல்லே? முதுகு எப்பிடி இருக்கு?" என்று கேட்டாள். கறுத்த கையோடு "பறுவாயில்லை" என்றேன். எனக்கும் அந்தப் பொய் பழகிவிட்டது.

சிவபாதத்தார் தன் விமர்சனத்தை அட்டையில் ஒட்டி வைத்திருந்தார். வெள்ளைத் தாள் கிடைக்காததால் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சான பத்திரிகை. அவருடைய வசனங்கள் கோட்டுக்கு மேலும் கீழுமாக ஓடின. சைவ சித்தாந்தம் சொல்லும் மலங்கள் மூன்றையும் விளக்கி, கடைசிப் பந்தியில் இப்படி முடித்திருந்தார்: "இறுதியில் அவன் எழுந்து, நீராடி, கீழ்த்திசை நோக்கி நிற்கும் காட்சி நெஞ்சை உருக்குகிறது."

"ஐயா, இந்தக் காட்சியை எங்கை பாத்தனீங்கள்?"

"ஏன்?"

"மண்ணெண்ணெய் முடிஞ்சுதெல்லோ."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பி, நாற்பது வருசம் பிள்ளையளின்ரை கட்டுரை திருத்தினவன் நான். முதல் பந்தியைப் பாத்தாலே கடைசிப் பந்தி தெரியும்."

"நெஞ்சை உருக்கினதெண்டு எழுதியிருக்கிறியள்."

"உருக்கினதுதான். நினைக்கேக்கை உருக்கினது."

வாசலில் வைத்து அவர் இன்னொன்றும் சொன்னார். "அந்தக் கூட்டத்திலை என்ரை தலைமையுரை நல்லா இருந்ததெண்டு கதைச்சவை. அதையும் பாரிசுக்கு எழுதும்." எழுதவில்லை. இங்கே பதிவு செய்துவிட்டேன், அது போதும்.

10ஆம் திகதி வெள்ளிக்கிழமை. பட்டினத்தில் சின்ன அச்சகம் வைத்திருக்கும் யோகனைப் பார்க்கப் போனேன். முற்போக்கான விமர்சகர் என்று பெயர் எடுத்தவர். மினிபஸ்ஸும் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. புகை பின்னால் போகாமல் உள்ளே வந்தது. கொழும்பு பஸ்களை இனிமேல் திட்டக்கூடாது என்று அந்த இருக்கையில் முடிவெடுத்தேன். ஆனால் அந்த முடிவு கொழும்பு திரும்பும் வரைக்கும்தான் நிலைத்தது. எனக்கு அருகில் ஒருவர் கோழியை மடியில் வைத்திருந்தார். இருமியது கோழி மட்டும்தான். மற்றவர்களுக்குப் பழகிவிட்டது.

யோகனின் கட்டுரை அவருடைய அச்சகத்திலேயே அச்சாகும் மாசிகையில் வந்திருந்தது. படத்தின் கதை, மூன்று விமர்சனங்களும் ஒத்துப்போகும் அளவில், இதுதான்: ஒரு சின்ன நகரத்தில் சப்பாத்துக் கடை வைத்திருக்கும் ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எழுந்து போய்ப் படுக்கிறார். பிறகு எழும்பவேயில்லை. மனைவி கடையைத் திறக்கிறாள், இரண்டு பெண்பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்புகிறாள், கெஞ்சுகிறாள், கத்துகிறாள். யோகன் இதைச் சிறுமுதலாளி வர்க்கத்தின் களைப்பு என்று எழுதியிருந்தார். அது அவர் கருத்து. ஆனால் கட்டுரை இப்படி முடிந்தது: "இறுதிக் காட்சியில் அவன் தொழிற்சாலை வாயிலை நோக்கி நடக்கிறான்."

"படத்திலை தொழிற்சாலை இருக்கோ?" என்று கேட்டேன்.

"யன்னலுக்குள்ளாலை ஒரு புகைபோக்கி தெரிஞ்சது."

"அது பக்கத்து வீட்டு அடுப்பா இருக்கலாமெல்லோ."

"அண்ணை, நீங்கள் திகதி பாக்கிற ஆள். நான் உள்ளடக்கம் பாக்கிற ஆள். அவன் வேறை எங்கை போவான்?"

"எழும்பினானோ எண்டே தெரியாது. நீங்கள் நடக்க விட்டிருக்கிறியள்."

யோகன் சிரித்தார். நல்ல மனிதர், ஒரு வடையும் வாங்கித் தந்தார். ஆனால் எனக்கு அந்த வடை இறங்கவில்லை. ஒரு வீட்டில் ஒருத்தி அந்தக் கட்டுரையை வாசித்துவிட்டு, தொழிற்சாலையா, கீழ்த்திசையா என்று இரவெல்லாம் யோசித்திருக்கிறா. அக்கா இரண்டு கட்டுரைகளையும் வாசித்திருந்தா என்று அன்றைக்குக் காலையில் நான் கிளம்பும்போதுதான் சொன்னா. "ரெண்டு பேரும் எழும்பினதெண்டு எழுதியிருக்கினம். ஆனால் எழுப்பினது ஆரெண்டு ஒருத்தரும் எழுதேல்லை."

அன்றைக்குச் சாப்பாடு நீரேரி இறால். தேங்காய்ப்பால் விட்டு, முருங்கையிலை போட்டு. வெள்ளவத்தையில் ஐஸில் வைத்த இறால் சாப்பிட்டுச் சாப்பிட்டு, இறால் இனிக்கும் என்பதை மறந்திருந்தேன். அத்தானுக்கும் அக்கா ஒரு தட்டில் கொண்டு போனா. அவர் இறாலைத் தவிர்த்துச் சோற்றை மட்டும் சாப்பிட்டிருந்தார். தோல் உரித்து வைத்த இறால்கள் தட்டின் ஓரத்தில் வரிசையாக இருந்தன. அவர் இறால் பிரியர்.

11ஆம் திகதி சனிக்கிழமை. கொடிகாமம். அங்கே இரண்டு பேரைப் பார்க்கவேண்டியிருந்தது. ஒருவர் மூன்றாவது விமர்சனத்தை எழுதிய செல்வத்துரை மாஸ்ரர். தெல்லிப்பழையிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, சந்தைக்குப் பின்னால் ஒரு வீட்டின் பாதியில் இருக்கிறார். ஆங்கில ஆசிரியர், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவர். அன்றைக்குப் படத்தின் அடியில் ஓடிய ஆங்கில எழுத்தை வாசித்து, ரீவிக்குப் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னவர் அவர்தான். மற்றவர் தேவன். வீடியோ டெக், ரீவி, ஜெனரேற்றர் எல்லாம் வாடகைக்கு விடுபவர். கசெற் அவரிடம்தான் இருந்தது.

மாஸ்ரர் சந்தையில் வாழைப்பழம் பேரம் பேசிக்கொண்டிருந்தார். ஊரெல்லாம் தட்டுப்பாடு, இங்கே வாழைக்குலை மட்டும் மலை மாதிரி. வெளியே அனுப்ப வழியில்லாததால் விலை விழுந்து கிடந்தது. ஒரு சீப்பு வாங்கி என் கையில் தந்துவிட்டு, "அரியாலைச் சனம் அந்தப் படத்தை எப்பிடிப் பாத்தது தெரியுமோ?" என்று தானாகவே தொடங்கினார். "அந்தப் பொம்பிளை அறைக்குள்ளை வந்து லைற் சுவிச்சைப் போட்டாள். உடனை லைற் பத்தினது. சனம் கைதட்டிச்சுது! எனக்குச் சிரிப்பை அடக்கேலாமல் போச்சு. பிறகு குளிர்பெட்டியைத் திறந்தாள். 'பட்டர், பட்டர்' எண்டு ஒரு சத்தம். மேசையிலை அவ்வளவு சாப்பாடு கிடக்க உவருக்கு என்ன கவலையெண்டு ஒரு மனிசன் கேட்டான். நான் அதுக்கும் மொழிபெயர்ப்புச் சொல்லவேண்டி வந்தது."

இதை ஒருவரும் எழுதவில்லை. நான் கேட்டேன், "மாஸ்ரர், உங்கடை விமர்சனத்திலை கடைசியிலை மணி அடிக்க அந்தாள் யன்னலைத் திறக்கிறார் எண்டு இருக்கு."

அவர் நின்றார். "மணி அடிச்சது உண்மை. நான் கேட்டனான்."

"யன்னல்?"

"யன்னலை நான்தான் திறந்தனான்" என்றார்.

மூன்று நாளில் நான் கேட்ட முதல் நேர்மையான பதில் அது. அதனால் கோபம் இரண்டு மடங்காகியது. தெரிந்துகொண்டே ஏன் எழுதினீர்கள் என்று கேட்டேன். "அறை இருட்டா இருந்தது தம்பி. அப்பிடியே விட மனம் வரேல்லை" என்றார். எனக்கு அக்காவின் கேள்வி நினைவுக்கு வந்தது. எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். வருத்தம் முதுகில் இல்லை என்பதையும். மாஸ்ரர் வாழைப்பழச் சீப்பை என்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு, "தேவனிட்டைப் போவம்" என்றார். ஏன் வாங்கினாரோ தெரியாது. அவருக்கும் கையில் எதையாவது பிடிக்கவேண்டியிருந்திருக்கும்.

தேவன் கசெற்றை எடுத்துக் காட்டினார். "முழுக்க இருக்கண்ணை. பத்திரமா வைச்சிருக்கிறன்." அடுத்த நாளைக்கே வரச் சம்மதித்தார்.

12ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். தேவன் லான்ட்மாஸ்ரர் என்ற கை உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஜெனரேற்றரையும் ரீவியையும் ஏற்றிக்கொண்டு வந்தார். மாஸ்ரரும் அதிலேயே வந்தார். இறங்கும்போது அவருடைய வெள்ளை வேட்டியில் பாதி கறுப்பு. பின்னால் அழைக்காமலே சிவபாதத்தாரும் சைக்கிளில் வந்து சேர்ந்தார். அரியாலையில் ஜெனரேற்றர் சத்தம் கேட்டால் ஆட்கள் வருவார்கள், அது இயல்பு. அவர் தொண்டையைச் செருமி, "ஒரு சின்ன அறிமுகம்..." என்று தொடங்கினார்.

"ஐயா, இண்டைக்குப் பேச்சு வேண்டாம்" என்றா அக்கா. "எண்ணெய் அளவாத்தான் கிடக்கு."

ஜெனரேற்றரைக் கிணற்றடியில் வைத்தோம். ரீவி விறாந்தையில். அத்தானின் அறைக் கதவை அக்கா சாத்தவில்லை. யன்னல்களுக்குச் சீலை கட்டி வெளிச்சத்தை மறைத்தோம். மணி அடிக்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து தேவன் ஓட விட்டார்.

படம் உண்மையில் நல்ல படம். அதைச் சொல்லத்தான் வேண்டும். அந்த மனைவி அறைக்குள் வருகிறாள். களைத்துப் போயிருக்கிறாள். எதுவும் சொல்லவில்லை. கட்டில் விளிம்பில் இருந்து, கடையில் அன்றைக்கு யார் யார் வந்தார்கள் என்று சொல்லத் தொடங்குகிறாள். ஒரு கிழவி இடது கால் சப்பாத்து மட்டும் வேண்டும் என்று கேட்டாளாம். மாஸ்ரர் தாழ்ந்த குரலில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். மணி அடித்தது. அக்கா கதிரையில் முன்னுக்கு வந்தா. இதுவரைக்கும்தான் ஊர் பார்த்தது.

மணி நின்றது. போர்வை அசைந்தது. அதற்குள்ளிருந்து ஒரு கால் வெளியே வந்து, தரையில் செருப்பைத் தேடியது.

ரீவியில் வெள்ளைக் கோடுகள் ஓடின. பிறகு நாதஸ்வரம். மேளம். மஞ்சள் சீலை உடுத்த ஒரு பெண்பிள்ளைக்கு இரண்டு மாமிமார் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். பெரியபிள்ளையானவளுக்குச் செய்யும் சாமத்திய வீடு. வாழைமரம், குத்துவிளக்கு, பலகாரத் தட்டு. தேவனே ஒரு ஓரத்தில் பட்டு வேட்டியோடு நின்று சிரித்தார்.

முதலில் பேசியது தேவன்தான். "அண்ணை... வெறுங் கசெற் எங்கை எடுக்கிறது? அக்கான்ரை மகளின்ரை சடங்கு. கனடாவுக்கு அனுப்பவேணும். வெளிநாட்டுப் படங்களிலை கடைசியிலை பெயர்தானே ஓடும். பெயருக்கு மேலைதான் எடுத்தன் எண்டு நினைச்சன்."

"பெயரோ?" அக்கா எழுந்தா. நான் அக்காவின் குரலை அந்த உயரத்தில் கேட்டதில்லை. "உன்ரை மருமேளுக்குத் தண்ணி வாக்க என்ரை மனிசன்தானோ கிடைச்சான்? ஏழு மாசம்! முதுகு முதுகெண்டு பொய் சொல்லிச் சொல்லி எனக்கு நாக்குப் புளிச்சுப் போச்சு. அவருக்கு முதுகிலை ஒரு கோதாரியும் இல்லை. அவருக்கு மனம் ஏலாமல் கிடக்கு. கேட்டுதோ எல்லாருக்கும்? மனம். செவ்வாய்க்கிழமை டொக்டரிட்டைக் கொண்டுபோகவேணும். அந்தப் பெட்டை என்ன செய்தாளெண்டு பாக்கத்தான் நான்..."

சிவபாதத்தார் நிலத்தைப் பார்த்தார். நாதஸ்வரம் ஓடிக்கொண்டே இருந்தது. தேவன் நிறுத்தக் கை நீட்டியவர், எந்தப் பொத்தான் என்று மறந்துபோனவர் போல நின்றார்.

"உந்த மேளத்தை ஆரெண்டாலும் நிப்பாட்டுங்கோ."

குரல் அறைக்குள்ளிருந்து வந்தது. கரகரத்து, பாதி காற்றாக. தேவன் நிறுத்தினார். கிணற்றடியில் ஜெனரேற்றர் மட்டும் உறுமியது.

அத்தான் திரும்பவில்லை. முகம் சுவர்ப் பக்கம்தான். ஆனால் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"அந்தாள் எழும்பினதோ?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். உண்மை என்னவென்றால் ஒரு கால் செருப்பைத் தேடியது, அவ்வளவுதான். ஆதாரம் அதற்கு மேல் இல்லை. அக்கா என்னை முந்திவிட்டா.

"ஓம். எழும்பினது."

நான் மாஸ்ரரைப் பார்த்தேன். மாஸ்ரர் வேட்டியிலிருந்த கறுப்பைப் பார்த்தார். சிவபாதத்தார், அவருடைய வாழ்க்கையில் ஒருதரம், பேசாமல் இருந்தார்.

"பிறகு?"

"பிறகு முகம் கழுவி, சேட்டைப் போட்டுக்கொண்டு, பெண்சாதியோடை காரிலை ஏறி, டொக்டரிட்டைப் போனது."

பிறகு அத்தான், "பிரெஞ்சுக்காரன் தானே" என்றார். "அங்கை காருக்கு எண்ணெய் இருக்கு."

அக்கா குசினிக்குள் போய்விட்டா. தண்ணீர்ப் பானை மூடி விழும் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தா. "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்று எல்லோருக்கும் சொன்னா, தேவனுக்கும்.

14ஆம் திகதி செவ்வாய்க்கிழமை. காரோட்டி மணியண்ணை சொன்ன நேரத்துக்கு வரவில்லை. வந்தபோது, வழியில் பெற்றோல் தேடியதாகச் சொன்னார். இங்கே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடினாலும் கிளம்புவதற்குச் சில சொட்டுப் பெற்றோல் வேண்டும். அதை மருந்துப் போத்தலில் வைத்திருக்கிறார்கள், குழந்தைக்குச் சொட்டுமருந்து விடுவது போல எஞ்சினுக்கு விடுகிறார்கள். கொழும்பில் சாவியைத் திருப்பினால் கார் கிளம்பும் என்று நான் சொன்னதை மணியண்ணை விரும்பவில்லை. "அங்கை கிளம்பும், பேந்து றோட்டிலை அரைநாள் நிக்கும்" என்றார். அதுவும் உண்மைதான்.

அக்கா உள்ளே போனா. நான் படலையில் நின்றேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கதிரை ஒன்று நகர்ந்தது. நீண்ட நேரம் ஒன்றுமில்லை. இந்த முறையும் கார் வெறுமையாகத்தான் போகும் என்று நினைத்து, மணியண்ணைக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அத்தான் வந்தார். வெள்ளைச் சேட்டு. ஒரு பொத்தான் மாறிப் பூட்டியிருந்தது. அக்கா அதைத் திருத்தவில்லை. திருத்துவதற்காக அவரை நிறுத்தினால் அவர் நின்றுவிடுவார் என்று பயந்திருப்பா. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், காரின் பின் இருக்கையில் ஏறினார். அக்கா பக்கத்தில் ஏறினா.

கார் கிளம்பவில்லை.

மணியண்ணை போத்தலைக் கவிழ்த்தார். கடைசிச் சொட்டும் போனது. எஞ்சின் ஒருதரம் இருமிவிட்டு அடங்கியது. எனக்கு அந்த நேரத்தில் வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. ஏழு மாதம் படுத்த மனிதனை எழுப்பியாகிவிட்டது, இந்த இரும்பை எழுப்ப முடியவில்லை! அவர் இறங்கிவிடுவார், உள்ளே போய்விடுவார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"தள்ளுங்கோ, தள்ளுங்கோ" என்று மணியண்ணை கத்தினார். நான் தள்ளினேன். எண்ணெய்ப் போத்தல்கள் கொண்டுவந்து குவித்த பக்கத்து வீட்டுக்காரர் வேலியைத் தாண்டி வந்து தள்ளினார். சந்தைக்குப் போன இருவர் சைக்கிள்களைப் போட்டுவிட்டு வந்து சேர்ந்தார்கள். கார் ஒழுங்கையில் மெல்ல உருண்டது. நான் பின் யன்னலுக்குப் பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு தள்ளும்போது, அத்தான் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"தம்பி, அந்தப் படத்திலையும் காரைத் தள்ளினவங்களோ?"

அக்கா முன்னுக்குப் பார்த்துக்கொண்டிருந்தா.

"ஓம் அத்தான்" என்றேன். "ஒழுங்கை முடக்கு வரைக்கும்."

ஒழுங்கை திரும்பும் முடக்கில் எஞ்சின் பிடித்தது. புகை முழுவதும் எங்கள் முகத்தில்.

கொழும்பு வந்து மூன்று விமர்சனங்களையும் நோட்டீஸையும் குலத்துக்கு அனுப்பினேன். படத்தின் முடிவு என்ன என்று கேட்டும் எழுதினேன். மார்ச் மாதத்தில் பதில் வந்தது. அவன் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லையாம். பழைய சாமான் கடையில், அட்டையில் இருந்த குடும்பப் படத்தைப் பார்த்து, ஊரில் எல்லோரும் சேர்ந்திருந்து பார்க்கலாம் என்று வாங்கி அனுப்பினானாம். இப்போது தேடியும் இன்னொரு பிரதி கிடைக்கவில்லையாம். ஆனால் விமர்சனங்கள் மிக ஆழமானவை என்று எழுதியிருந்தான். மூன்றையும் அப்படியே வெளியிடப் போகிறானாம்.

அக்காவிடமிருந்தும் கடிதம் வந்தது. அத்தான் மருந்து எடுக்கிறார். சில நாள் விறாந்தைக்கு வருகிறார், சில நாள் சுவர்ப் பக்கம்தான். இறால் சாப்பிட்டார் என்று தனி வரியில் எழுதியிருந்தா.

அந்தச் சப்பாத்துக் கடைக்காரர் கட்டிலிலிருந்து எழுந்தாரா என்பது, இதை எழுதும் 1995 மார்ச் மாதம் வரை, உறுதிப்படுத்தப்படவில்லை. முழுப் படத்தையும் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதலாம். அரியாலைக்கு எழுதவேண்டாம்.